நல்ல காலுக்கு வைத்தியம்

மேச்சேரித் தபால்காரர் சின்னண்ணனுக்கு ஒரு கொள்கை உண்டு. ஒட்டிய கவரை ஒருநாளும் பிரிக்கமாட்டார். அது பாவம், வேலைக்கும் ஆபத்து. கார்டு சங்கதி வேறு. ஊருக்குத் தெரிந்தால் பரவாயில்லை என்றுதானே ஒருவன் கார்டில் எழுதுகிறான், இல்லாவிட்டால் கூடக் காசு போட்டுக் கவர் வாங்கியிருக்கமாட்டானா என்பது அவர் கட்சி. இந்தக் கட்சியின் புண்ணியத்தில், அவர் நடக்கும் பன்னிரண்டு மைல் சுற்றில் யார் வீட்டுப் பெண் எங்கே வாழ்க்கைப்படப் போகிறாள், யார் மகன் பட்டாளத்தில் சேரப் பார்க்கிறான் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. அவருடைய வலது குதிகாலை உடைத்ததும் இதே கட்சிதான்.

அது 1956 ஆடி மாதம். மேட்டூர் ரோட்டில் போன ஒரு லாரியின் மேல், நிலக்கடலை மூட்டைகளின் உச்சியில் உட்கார்ந்து, மயிலம்மாளுக்கு வந்த கார்டைப் படித்துக்கொண்டு போனார். அவளுடைய தம்பி எழுதியது. ‘பாப்பாளின் கல்யாணத்தை ஆவணியில் வைத்துவிடலாம் என்று இருக்கிறோம், ஆனால்’ என்பது வரைக்கும் வந்தார். ஆடிக் காற்று கார்டைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. அந்த லாரி நின்றால் மறுபடி கிளம்பாது, நாலு பேர் தள்ளவேண்டும்; ஆகவே யாரும் அதை நிறுத்தச் சொல்வதில்லை. எப்போதும் பின்பலகைக்கு இறங்கிவந்துதான் குதிப்பார். அன்றைக்கு அந்த ‘ஆனால்’ அவரை உச்சியிலிருந்தே குதிக்கவைத்தது. ஒற்றைக் குதிகாலில், கல் ரோட்டில், முழு ஆளாக வந்து விழுந்தார். அப்போதும் தவழ்ந்து போய்க் கார்டைப் பிடித்துவிட்டார் என்பதைச் சொல்லாவிட்டால் எனக்குத்தான் பாவம். ஆனால் வலியில் கண் இருட்டிக்கொண்டு வந்ததால் மீதியைப் படிக்க முடியவில்லை.

சேலத்துப் பெரிய டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, குதிகால் எலும்பு உள்ளே நசுங்கிக் கிடக்கிறது என்றார். மயக்கம் கொடுத்து, ஓர் இரும்பு ஆணியைப் பின்பக்கமாக ஏற்றி, நசுங்கியதை நெம்பித் தூக்கி நிறுத்தி, மாவுக்கட்டுப் போட்டார். ஆணியை ஆறு வாரத்தில் உருவினார்கள். ஐப்பசிக் கடைசியில் கட்டையும் வெட்டி எடுத்தார்கள். உள்ளேயிருந்து வந்த கால், மண்ணிலிருந்து அப்போதுதான் தோண்டிய கருணைக்கிழங்கு மாதிரி இருந்தது. டாக்டர் நல்ல மனுஷர். “எலும்பு கூடிவிட்டது. இனி நடக்க நடக்கத்தான் சரியாகும். ஊன்றி நட” என்று சொல்லி அனுப்பினார்.

ஊன்றுவதாம்! தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தானே தெரியும். குதிகால் மண்ணில் பட்டதும் சின்னண்ணனுக்கு உச்சந்தலை வரைக்கும் ஒரு கம்பி இழுத்தது. ஒருமுறை பட்டது, அத்தோடு சரி. அதன்பிறகு தடியை ஊன்றி இடது காலால் நொண்டியடித்தாரே தவிர, வலது காலைக் கீழே விடவேயில்லை.

இந்தச் சமயத்தில் தபாலாபீசிலிருந்து அவருக்கே ஒரு கவர் வந்தது. வாழ்க்கையில் முதன்முதலாகத் தன் பெயருக்கு வந்த கவரைப் பிரித்தார். லீவு முடிகிறது, தை மாதம் எட்டாம் தேதி திங்கட்கிழமை தபால்காரர்களை மேற்பார்க்கிற ஓவர்சியர் கூடவே வருவார், பன்னிரண்டு மைல் சுற்றையும் நடந்து காட்டினால் வேலை உண்டு, இல்லாவிட்டால் சுற்று வேறு ஆளுக்குப் போகும் என்று இருந்தது. பதினாறு வருஷம் நடந்த சுற்று. கஞ்சிக்குத் தோட்டம் இருக்கிறது, பட்டினி கிடக்கப்போவதில்லை. ஆனால் எந்த வாசலில் போய் நின்றாலும் முகம் மலர்ந்து எழுந்து வருகிறார்களே, அது பைக்காகத்தான் என்று அவருக்குத் தெரியும். பை இல்லாத சின்னண்ணனுக்காக யார் எழுந்து வரப்போகிறார்கள்? மனைவி பாவாயி பார்க்காத நேரத்தில் ஒருநாள் சின்னண்ணன் அழுதேவிட்டார்.

ஞானதாஸ் அவரைப் பார்க்க வந்தது கார்த்திகைக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயில் பூசை முடிந்து, வெள்ளைச் சட்டையோடு நேராக வந்திருந்தான். முப்பது வயது. பட்டாளத்தில் ஆஸ்பத்திரிச் சிப்பாயாக இருந்துவிட்டு வந்து, மேட்டூரில் ஓர் ஆலையின் மருந்தறையில் கட்டுப் போடும் வேலையில் இருந்தான். சின்னண்ணனின் சுற்றில் கடைசி வீடு அவனுடையது. சுற்றிலேயே பெரிய புதிரும் அவன்தான். வருஷத்துக்கு இரண்டு தடவை அவனுக்கு ஒரு கவர் வரும். தபால்தலையில் வீடு கட்டுகிற மாதிரி கோடும் வட்டமுமாக ஏதோ எழுத்து. கனமாக இருக்கும், நன்றாக ஒட்டியிருக்கும். பிரிக்கத்தான் கூடாதே தவிர முகர்ந்து பார்க்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. சின்னண்ணன் முகர்ந்திருக்கிறார். ஏதோ காய்ந்த இலை வாசம்.

“ஏனுங்க தம்பி, இப்பவாவது சொல்லுங்க. அந்தக் கவர் எங்கிருந்து வருது?” என்றார், காலைப் பற்றிக்கூடப் பேசாமல்.

“கொரியாவிலிருந்துங்கண்ணா. உங்க கால் சேதியக் கேட்டுட்டு, அதுல வந்ததைத்தான் எடுத்தாந்தேன்” என்றான் ஞானதாஸ்.

கொரியாச் சண்டையின்போது நம் பட்டாளத்து ஆஸ்பத்திரிப் படை ஒன்று அங்கே போயிருந்தது. தேகு என்ற பட்டணத்தில் ஊர் ஜனங்களுக்கான ஆஸ்பத்திரியில் ஞானதாசுக்கு வேலை. எதிர்ச்சாரியில் பாக் என்பவரின் வைத்தியசாலை. அந்த நாட்டுப் பழைய வைத்தியம். வேர், பட்டை, ஊசி, இலைநெருப்பு. ஆஸ்பத்திரியில் அறுத்து, எலும்பைக் கூட்டி, கட்டுப் பிரித்த பிறகும் கால் ஊன்றாதவர்களை வீட்டார் அங்கே தூக்கிப்போவார்கள். ஒரு மாதம் கழித்து அவர்களே நடந்துவந்து டாக்டருக்குக் காலைக் காட்டிவிட்டுப் போவார்கள்.

“வேடிக்கை பார்க்கத்தானுங்க மொதல்ல போனேன். அப்புறம் ஆறு மாசம் ஒருநாளும் விடல.”

மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான். உள்ளே இலையும் இல்லை, தூளும் இல்லை. சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி இருந்தது. பாவாயி ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்தாள்.

“இது மாசிபத்திரியல்லங்களா! பூக்காரி கதம்பத்துல வெச்சுக் கட்டுவாளே!”

“அதுக்குப் பங்காளிங்க. ஏற்காட்டு மலையில பார்த்து, நானும் பறிச்சுக் காய வெச்சுக் கசக்கி வெச்சிருக்கேன். அவரு அனுப்பறது தீர்ந்துபோனா அதுதான்.”

சின்னண்ணனை எழுப்பிச் சுவரில் சாய்த்து நிறுத்தினான். முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு, அதன்மேல் இடது காலைத் தூக்கி வைக்கச் சொன்னான். பஞ்சைக் கிள்ளி, நெல் பருமனுக்கு உருட்டி, முழங்காலுக்கு நாலு விரல் கீழே ஒன்று, கணுக்காலுக்குப் பின்னால் ஒன்று என்று நிறுத்தி ஊதுபத்தியால் பற்றவைத்தான். தீ எழவில்லை. செந்நிறமாக ஒரு பொட்டு. ஒரு நூல் புகை. சுருக்கென்று கடித்துவிட்டு அணைந்தது. ஓரிடத்துக்கு ஐந்து நெல், அவ்வளவுதான்.

சின்னண்ணன் பாரத்தையெல்லாம் சுவரிலும் தடியிலும் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். ஆட்டுப்பட்டியிலிருந்து வந்த அண்ணன் ரங்கன் இந்தக் கூத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“தென்னை மரத்துல தேள் கொட்டி பனை மரத்துல நெறி கட்டுச்சாமா! ஏப்பா, ஒடஞ்சது வலது காலு. நீ நல்ல காலுக்கல்ல சூடு வெக்கறே?”

“பாக் அப்படித்தானுங்க செய்வாரு.”

“ஏன்?” என்றார் சின்னண்ணன். வலியிலும் அவருக்கு அதுதான் முக்கியம்.

ஞானதாஸ் தலையைச் சொறிந்தான். “கேட்டனுங்க. நீளமா என்னமோ சொன்னாரு. அந்த பாஷையில எனக்கு மூணே வார்த்தைதான் வரும். வலிக்குதா, போதும், சாப்பிட்டாச்சா.”

இப்படி ஒரு பதிலைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிற ஆளா சின்னண்ணன்? பாக்குக்கு இங்கிலீஷ் தெரிந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார் கடிதம் எழுதித் தருவார் என்று தெரிந்ததும், அங்கேயே உட்கார்ந்து ஞானதாசை எழுதவைத்தார். ‘எங்கள் தபால்காரருக்கு உடைந்தது வலது குதிகால். நல்ல காலுக்கு ஏன் வைக்கவேண்டும் என்று கேட்கிறார்.’ தபால்தலையைத் தானே நக்கி ஒட்டினார்.

மறுநாளிலிருந்து ஞானதாசுக்கு மூன்று வாரம் ராத்திரி ஷிப்ட். வரமுடியாது. பாவாயியிடம் பொட்டலத்தைக் கொடுத்து, இரண்டு இடத்திலும் மசியால் புள்ளி வைத்து, ஓரிடத்துக்கு ஐந்து நெல், தினம் ஒருதரம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

பாவாயி ஒரு நாள்கூட விடவில்லை. ஒரு நெல்கூடக் குறைக்கவில்லை. ஆனால் அவளுடைய கணக்கில் இது சூடு. மாட்டுக்கு நீர் கோத்தால் சூடு, ஆட்டுக்குக் கால் பிசகினால் சூடு, பிள்ளைக்கு மாந்தம் என்றால் மஞ்சளைச் சுட்டுச் சூடு என்று வளர்ந்தவள். சூட்டுக்குப் பத்தியம் உண்டு. சூடு வாங்கினவன் கால் மூன்று நாளைக்கு மண்ணில் படக்கூடாது, கட்டிலை விட்டு இறங்கக்கூடாது. இங்கே தினமும் சூடு. ஆகவே தினமும் கட்டில். புருஷனைப் படுக்கவைத்து, இடது காலைத் தலையணையில் ஏற்றி, பக்தி சிரத்தையோடு ஐந்து ஐந்து நெல் வைத்தாள். ஞானதாஸ் அன்றைக்கு நிற்கவைத்தது கட்டில் வெளியே காய்ந்துகொண்டிருந்ததால் என்று அவள் நினைத்திருந்தாள். சின்னண்ணனும் அப்படித்தான் நினைத்தார். படுத்தபடி புகையைப் பார்ப்பது அவருக்குச் சுகமாகவே இருந்தது. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டதைச் சொல்லிச் சிரிக்கிறோம். இந்தச் சூட்டில் எது கோடு, எது புலி என்று இவர்களுக்கு யார் சொன்னார்கள்?

மூன்று வாரம் போய் மார்கழியும் பாதி ஆயிற்று. இடது காலில் இரண்டு கறுப்பு வடு விழுந்ததுதான் மிச்சம். வலது குதிகால் மண்ணைத் தொட்டால் அதே கம்பி, அதே உச்சந்தலை. சின்னண்ணனுக்குத் தூக்கம் போயிற்று. அண்ணன் சொன்னதற்குக் கடைசியில் தலையாட்டினார்.

ரங்கன் சொன்னது இதுதான். “இது பூச்சி கடிச்ச மாதிரி. கொரியாக்காரன் தோலு மெலுசு, அவனுக்கு இது போதும். நம்ம தோலுக்கு இரும்பு வேணும். குதிகாலுமேலேயே ஒண்ணே ஒண்ணு போட்டனா எந்திரிச்சு ஓடுவே.”

கிறிஸ்துமஸ் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, அடுப்பில் ஆட்டுச் சூட்டுக்கோல் காய்ந்துகொண்டிருந்தது. சின்னண்ணன் வாயில் துணியைக் கடித்துக்கொண்டு குப்புறப் படுத்திருந்தார். அப்போது ஞானதாஸ் ஒரு தூக்குவாளி நிறைய அதிரசத்தோடு உள்ளே வந்தான். அடுப்பைப் பார்த்தான், ஆளைப் பார்த்தான். தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, சூட்டுக்கோலை எடுத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டான். அது இரைந்த இரைச்சலில் கோழிகள் பறந்தன.

“ஆணி போன எடமுங்க அது! தோலு இன்னும் செத்தாப்பல கெடக்கு. வெந்துச்சுன்னா எலும்பு வரைக்கும் அழுகும்!” என்று கத்தினான். அப்புறம் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, “என்னதாங்க பண்ணீங்க? மொதல்ல இருந்து சொல்லுங்க” என்றான்.

பாவாயி ஒன்று விடாமல் சொன்னாள். ஐந்து நெல், இரண்டு இடம், தினமும். சொல்லிக்கொண்டே வந்து, “தலைகாணிய வெச்சு…” என்றபோது ஞானதாஸ் நிமிர்ந்தான்.

“படுத்துக்கிட்டாங்க வெச்சீங்க?”

“சூடு வெச்சா படுக்காம? மண்ணுல கால் படலாமா?”

ஞானதாஸ் சிரித்துவிட்டான். பிறகு முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். “எம்மேலதான் தப்புங்க. நிக்கோணும்னு நான் சொல்லவேயில்லை. பாக் ஒருத்தரைக்கூடப் படுக்க வெச்சதில்லை. சொவத்துல சாச்சு நிறுத்துவாரு, நல்ல காலை மேல தூக்குவாரு. அது எனக்குக் கண்ணுல பட்டுது, வாயில வரல.”

“நிக்கறதுல என்ன இருக்குது? மருந்து இலையிலதானே?” என்றார் சின்னண்ணன்.

“எது மருந்துன்னு எனக்குத் தெரியாதுங்கண்ணா. தெரியாத வரைக்கும் அவரு செஞ்சதுல ஒண்ணையும் விடக்கூடாது.”

இந்தப் பதில் சின்னண்ணனுக்கு என்னவோ பிடித்திருந்தது. எல்லாம் தெரிந்த மாதிரி பேசுகிறவர்கள்தான் அடுப்பில் இரும்பைக் காயவைக்கிறார்கள்.

அன்றைக்கே நிறுத்தினான். இடது கால் முக்காலியில்; உடம்பின் பாரம் போக வேறு இடமில்லை. முதல் நெல்லுக்குச் சின்னண்ணன் சுவரைப் பிறாண்டினார். ஆனால் ஆடினால் நெருப்பு உருண்டு வேறிடத்தில் விழும்; ஆடாமல் நிற்கவேண்டும். கண்ணை அந்தச் சிவப்புப் பொட்டிலேயே வைத்தார். இப்போது கடிக்கும், இப்போது கடிக்கும் என்று காத்திருந்தார். கடித்தது, அணைந்தது. அடுத்தது. ஐந்தாவது நெல் முடிந்தபோது பாவாயிதான் கத்தினாள்.

“ஏனுங்க! தடி கீழ கெடக்குது!”

அது எப்போது கையை விட்டு விழுந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்ததும் வலியும் வந்துவிட்டது, உட்கார்ந்துவிட்டார்.

தினமும் நின்றார். நெல் முடிந்ததும் இலை போட்டுக் காய்ச்சின வெந்நீரில் காலை வைப்பார். பிறகு பட்டியைச் சுற்றி ஒரு நடை. முதலில் ரங்கனின் தோளைப் பிடித்து, அப்புறம் பட்டிப் படலைப் பிடித்து. நேற்று எத்தனையாவது நெல்லில் வலி குறைந்தது, இன்றைக்கு எத்தனையாவதில் என்று அதுவே அவருக்கு ஒரு வேடிக்கையாகிவிட்டது. பொங்கலன்று தடியில்லாமல் ஊர்க் கிணறு வரைக்கும் போய்த் திரும்பினார். கிணறு அரை பர்லாங். சுற்று பன்னிரண்டு மைல்.

தை எட்டாம் தேதி ஓவர்சியர் சரவணமுத்து புதுச் செருப்போடு வந்து சேர்ந்தார். “பாதியில நின்னுட்டா நான் ஒண்ணும் பண்ண முடியாதுங்க” என்று முதலிலேயே சொல்லிவிட்டார். போஸ்ட்மாஸ்டர் தபாலைப் பிரித்துக் கொடுத்தார். அடுக்கிக்கொண்டே வந்த சின்னண்ணன் கை நின்றது. கோடும் வட்டமுமாகத் தபால்தலை. ஞானதாஸின் கவர். உள்ளே இருப்பது அவருடைய கேள்விக்குப் பதில்! அதை முகர்ந்து பார்த்துவிட்டு அடியில் வைத்தார். கடைசி வீட்டுக் கடிதம் கடைசியில்தான் போகவேண்டும்.

நாலு மைல் வரைக்கும் ஒன்றுமில்லை. ஐந்தில் குதிகால் முணுமுணுத்தது. ஏழில் திட்டியது. முள்ளும் சரளையுமான தடம்; ஓவர்சியர் செருப்புக் கடியால் ஒரு பர்லாங் பின்தங்கியிருந்தார். மயிலம்மாள் வீட்டில் மோர் கொடுத்தாள். பின்னால் பார்த்துக்கொண்டு சின்னண்ணன் மெதுவாகக் கேட்டார்.

“அந்த ஆடி மாசத்துக் கார்டு… ஆனால்னு ஒண்ணு எழுதியிருந்தாப்பலயே. ஆனா என்னங்க?”

மயிலம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “ஆனா மழை பேஞ்சா ஐப்பசிக்குத் தள்ளிப் போகும்னு எழுதியிருந்தான் சாமி.”

இதற்கா ஒரு குதிகால்! அந்த ஆத்திரத்திலேயே ஒரு மைல் நடந்தார். ஒன்பதில் உட்காரலாமா என்று இருந்தது. உட்கார்ந்தால் எழமாட்டோம் என்று தெரியும். பைக்குள் கையை விட்டு அந்தக் கவரைத் தொட்டுப் பார்த்தார். பதில் அங்கேதான் இருக்கிறது, தெரிந்துகொள்ளாமல் எப்படி உட்காருவது? பத்து, பதினொன்று. மேட்டூர் ரோடு ஓரத்தில் ஞானதாஸின் ஓட்டு வீடு தெரிந்தபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது.

“தபால்!” என்ற குரல் மட்டும் பழைய குரல். ஞானதாஸும் அவன் மனைவி இசபெல்லாவும் முகம் மலர்ந்து ஓடிவந்தார்கள். ஓவர்சியர் வந்து வேப்பமரத்தடியில் பொத்தென்று உட்கார்ந்து செருப்பைக் கழற்றி எறிந்தார்.

“நீங்க நடந்துட்டீங்க, நான்தான் நாளைக்கு லீவு போடோணும்” என்றார்.

அவர் சொன்னது சின்னண்ணன் காதில் சரியாக விழவில்லை. “படிங்க தம்பி, படிங்க!” என்றார்.

ஞானதாஸ் கவரைப் பிரித்து, இங்கிலீஷைத் தமிழாக்கி மெதுவாகப் படித்தான்.

“பாக் சொல்றதா வாத்தியார் எழுதியிருக்காரு. ‘பழைய ஏட்டில், உடம்பில் இடதும் வலதும் குறுக்கே கட்டியிருக்கிறது, ஒன்றை இழுத்தால் மற்றது அசையும் என்று இருக்கிறது. அது மெய்யாகவும் இருக்கலாம். என் தகப்பனார் எனக்குச் சொன்னது வேறு. நொந்த காலைத் தொட்டால் நோயாளி பயப்படுவான். நல்ல காலைத் தூக்கி மேலே வை. அதில் சின்ன நெருப்பு வை. அவன் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பான். நீ மற்றக் காலைப் பார். உங்கள் தபால்காரர் இப்போது எந்தக் காலில் நிற்கிறார்?’”

ஞானதாஸ் கடிதத்திலிருந்து கண்ணை எடுத்துக் கீழே பார்த்தான். இசபெல்லாவும் பார்த்தாள். ஓவர்சியரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

சின்னண்ணன் குனிந்தார். பையை வைத்துக்கொள்ள வாகாக இடது காலை வாசற்படிமேல் தூக்கி வைத்திருந்தார். பன்னிரண்டு மைல் நடந்த உடம்பு, பதினாறு வருஷத்துப் பை எல்லாம் வலது குதிகாலின் மேல் நின்றுகொண்டிருந்தது. வலித்தது, வலிக்காமல் என்ன. காலை மாற்ற மட்டும் அவருக்கு மனம் வரவில்லை.

“இன்னொருக்கா படிங்க தம்பி” என்றார்.